விண்ணிலிருந்து உங்கள் ஊர் ஏரி: செயற்கைக்கோள் படம் பார்க்கப் பழகுவது எப்படி?

தீபாவளி வந்தால் அந்தப் படமும் வந்துவிடும். கறுப்புப் பின்னணியில் இந்தியா; அதன்மேல் சிவப்பும் பச்சையும் நீலமும் வெள்ளையுமாக யாரோ கலர்ப்பொடியை அள்ளி வீசியதுபோல் ஒளிப்புள்ளிகள். "தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து நம் நாடு, நாசா எடுத்தது" என்று கீழே ஒரு வரி. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அதை ஆண்டு தவறாமல் போடுவார். நானும் முதல் இரண்டு ஆண்டு ஹார்ட்டு போட்டவன்தான்.

அது தீபாவளிப் படமே இல்லை. ஒரே இரவில் எடுத்ததும் இல்லை. அமெரிக்க ராணுவத்தின் வானிலைச் செயற்கைக்கோள்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்த இரவு வெளிச்சப் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் விஞ்ஞானி கிறிஸ் எல்விட்ஜ் 2003-இல் செய்த படம் அது. 1992-க்கு முன்பே தெரிந்த நகர விளக்குகள் வெள்ளை. 1992-இல் புதிதாகத் தெரிந்தவை நீலம், 1998-இல் தெரிந்தவை பச்சை, 2003-இல் தெரிந்தவை சிவப்பு. மக்கள்தொகைப் பெருக்கத்தைக் காட்டுவதற்காகப் பூசிய நிறங்களை நாம் மத்தாப்பு என்று நினைத்துக்கொண்டோம். 2012 தீபாவளியை ஒட்டி சுவோமி என்பிபி என்ற செயற்கைக்கோள் உண்மையிலேயே எடுத்த படத்தை நாசா பிறகு வெளியிட்டது. அதில் இந்தியா மற்ற எந்த இரவையும்போலத்தான் இருக்கிறது. வெடியின் வெளிச்சம் அவ்வளவு உயரத்தில் இருந்து பார்த்தால் தெருவிளக்குகளின் முன் ஒன்றுமே இல்லை.

அன்றிலிருந்து, மேலிருந்து எடுத்தது என்று எந்தப் படம் வந்தாலும் மூன்று கேள்வி கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எந்தக் கண் எடுத்தது? எப்போது எடுத்தது? எந்த நிறத்தில் காட்டுகிறது? இந்த மூன்றையும் கேட்கக் கற்றுக்கொள்ள ஆகச்சிறந்த வழி, அடுத்தவர் அனுப்பும் படத்தை ஆராய்வது அல்ல. நன்றாகத் தெரிந்த ஒரு இடத்தை நாமே தேடி எடுத்துப் பார்ப்பதுதான். காசு வேண்டாம், படிப்பு வேண்டாம். ஒரு கணினி, ஓரளவு இணையம், ஒரு மாலைப்பொழுது போதும். போனிலும் செய்யலாம், ஆனால் விரல் வலிக்கும்.

எந்தக் கண்? சென்ட் கணக்கில் ஒரு கணக்கு

பூமியைப் பார்க்கும் கண்களைத் தூரத்தை வைத்து மூன்றாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

மிக உயரத்தில், சுமார் 36,000 கிலோமீட்டரில், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள்கள். நம்முடைய இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவிய இன்சாட்-3டிஎஸ் எல்லாம் இந்த வகை. புயல் சமயத்தில் டிவியில் சுழல்வது இவற்றின் படம்தான். அரை மணிக்கு ஒருமுறை வரும். ஆனால் பகல் வெளிச்சத்தில் எடுத்ததில்கூட ஒரு புள்ளி ஒரு கிலோமீட்டர் அகலம். மேகம் பார்க்கலாம், ஏரி பார்க்க முடியாது.

அடுத்து, 700, 800 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் சுற்றுபவை. அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசை 1972 ஜூலையில் தொடங்கியது. இன்று லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சுற்றுகின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-2 வரிசையின் முதல் செயற்கைக்கோள் 2015 ஜூனில் போனது. நமக்கு வேலை இங்கேதான்.

எல்லாவற்றுக்கும் கீழே, சுமார் 400 கிலோமீட்டரில், சர்வதேச விண்வெளி நிலையம். அங்கே கேமராவைப் பிடித்திருப்பது மனிதக் கை. அதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது புள்ளிக் கணக்கு. பிக்சல் என்றால் படத்தின் ஆகச்சிறிய கட்டம். சென்டினல்-2 படத்தில் நாம் கண்ணால் காணும் நிறங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது நூறு சதுர மீட்டர். நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஒரு ஏக்கர் நிலம் நாற்பது புள்ளி. ஒரு கிரவுண்டு மனை இரண்டு புள்ளியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். லேண்ட்சாட்டில் ஒரு புள்ளி முப்பது மீட்டர்; அது 22 சென்ட். தினமும் கிட்டத்தட்ட உலகம் முழுக்கப் படம் எடுக்கும் நாசாவின் மோடிஸ் கருவியில் ஆகத் துல்லியமான புள்ளியே 250 மீட்டர். ஒரே புள்ளிக்குள் பதினைந்து ஏக்கர் அடங்கிவிடும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்தால் பாதி ஏமாற்றம் குறையும். "எங்கள் வீட்டு மொட்டை மாடி தெரியுமா?" என்றால், இலவசப் படங்களில் தெரியாது. கூகுள் மேப்பில் தெரிகிறதே என்பீர்கள். அது தனியார் செயற்கைக்கோள், விமானம் என்று பல இடங்களில் வாங்கி ஒட்டிய படம். பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள்கூட வெவ்வேறு நாளில் எடுத்தவையாக இருக்கும். கூர்மை உண்டு, "எப்போது" என்ற கேள்விக்கு அங்கே நேர் விடை கிடைப்பது கடினம். "லைவ் சாட்டிலைட்" என்று விளம்பரம் செய்யும் போன் ஆப்களை நம்பவே நம்பாதீர்கள். உங்கள் தெருவை நேரலையில் காட்டும் செயற்கைக்கோள் எதுவும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படவில்லை.

கையில் எடுப்போம்: வீராணம்

பழகுவதற்கு நான் எப்போதும் வீராணம் ஏரியைத்தான் சொல்வேன். கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோவில் பக்கம், வடக்குத் தெற்காகப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்துப் பெயர் வீரநாராயணன் ஏரி. கீழணையில் கொள்ளிடத்து நீரைத் திருப்பி வடவாறு வழியாக நிரப்புகிறார்கள். இங்கிருந்து சென்னைக்குக் குடிநீர் போகிறது. படம் பார்க்கப் பழகுகிறவருக்கு இதில் என்ன வசதி என்றால், வடிவம் தவறவே தவறாது. கிழக்கே நீளமான கரை, கரைக்கு அந்தப் பக்கம் வயல்வெளி. ஆண்டுக்குள்ளேயே நிரம்புவதும் வற்றுவதும் நடக்கும். உங்கள் ஊரில் பெரிய ஏரியோ அணையோ இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், இன்னும் நல்லது. ஆனால் நேரில் பார்த்த இடமாக இருக்கட்டும்.

முதலில் கோப்பர்நிக்கஸ் பிரௌசர் என்ற ஐரோப்பியத் தளத்தைத் தேடித் திறங்கள். பார்ப்பதற்குக் கணக்கு வேண்டியதில்லை. பெரிய அளவில் டவுன்லோடு செய்ய ஒரு இலவசக் கணக்கு வேண்டும். மின்னஞ்சல் கொடுத்தால் போதும்.

தேடல் பெட்டியில் ஊர்ப்பெயரை அடிக்கலாம். காட்டுமன்னார்கோவிலை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதுகிறார்கள் என்பதால் எனக்கு அது சரிப்படுவதில்லை. கூகுள் மேப்பில் இடத்தின்மேல் ரைட் கிளிக் செய்தால், போனில் என்றால் அழுத்திப் பிடித்தால், அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரும். அதைக் காப்பி செய்து இங்கே ஒட்டினால் நேரே அங்கு போய் நிற்கும். வீராணத்துக்கு 11.33, 79.54.

இடப்பக்கப் பலகத்தில் சென்டினல்-2 எல்2ஏ என்ற தொகுப்பு தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். எல்1சி என்று இன்னொன்று இருக்கும். நடுவில் உள்ள காற்றின் மங்கலைக் கணக்கிட்டுக் கழித்தது எல்2ஏ, கழிக்காதது எல்1சி. புதியவருக்கு எல்2ஏ போதும்.

அடுத்தது நாள்காட்டி. இதில்தான் புதியவர்கள் பொறுமை இழப்பார்கள். எல்லா நாளும் படம் இருக்காது. ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் ஒரு இடத்தின் மேல் பறக்கிறது. அதிலும் பல நாள் மேகம். மேக அளவு எத்தனை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று குறைக்க ஒரு நகர்த்தி உண்டு. அதை ஒரேயடியாக ஐந்துக்கு இறக்கிவிடாதீர்கள். அந்தச் சதவீதம் உங்கள் ஏரிக்கு உரியது அல்ல. ஏறக்குறைய நூற்றுப்பத்துக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டர் கட்டம் முழுவதுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. கடல்மேல் மேகம் கிடந்து ஏரி பளிச்சென்று இருக்கும் நாளும் வரும். நாலே மேகம் இருந்து அது சரியாக உங்கள் ஏரிமேல் உட்கார்ந்திருக்கும் நாளும் வரும். ஐம்பது வரை விட்டுவைத்து, கண்ணால் பார்த்துக் கழியுங்கள். நம் கிழக்குக் கரைக்கு ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் மேகத்தைத்தான் பார்ப்பீர்கள்.

ஜனவரி கடைசியில் ஒரு தெளிந்த நாளைத் தேர்ந்தெடுங்கள். ட்ரூ கலர், அதாவது இயல்பு நிறம், முதலில் வரும். கரும்பச்சையில் நீளமாக ஏரி. கிழக்குப் பக்கம் கட்டம் கட்டமாக வயல். சிலது பச்சை, சிலது முற்றிய நெல்லின் மஞ்சள், சிலது அறுத்து முடித்த வைக்கோல் நிறம். ஏரிக்கரை ஒரு நூல்போலத் தெரியும். இப்போது அதே ஆண்டு மே மாதத்துக்குப் போங்கள். பல ஆண்டுகளில் ஏரியின் மேற்கு ஓரம் வெளுத்துத் தரை தெரியும். தண்ணீர் கரையோரம் ஒதுங்கியிருக்கும். இரண்டு படத்தையும் ஒப்பிடும் பகுதியில் சேர்த்தால், நடுவில் ஒரு கோட்டை இடமும் வலமும் இழுத்து இழுத்துப் பார்க்கலாம். எனக்கு இது அலுத்ததே இல்லை.

நிறத்தை மாற்றும் வேலை

சென்டினல்-2 நம்மைப்போல் மூன்று நிறத்தில் பார்ப்பதில்லை. அதற்குப் பதின்மூன்று நிறப்பட்டைகள். பாதிக்கு மேல் மனிதக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதைத் திரையில் காட்ட வேண்டுமானால் நமக்குத் தெரிந்த ஒரு நிறத்தைக் கடன் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் அதற்குப் பொய் நிறம், ஃபால்ஸ் கலர் என்று பெயர். ஏமாற்று என்ற பொருளில் அல்ல.

ஃபால்ஸ் கலரை அழுத்திப் பாருங்கள். வயலெல்லாம் ரத்தச் சிவப்பாகிவிடும். பயப்பட வேண்டாம். உயிருள்ள இலை அகச்சிவப்பை ஏராளமாகத் திருப்பி அனுப்பும். அந்த அகச்சிவப்புக்குத் திரையில் சிவப்பைக் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு சிவப்போ அவ்வளவு செழிப்பு. தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடுவதால் ஏரி கறுப்பாகத் தெரியும். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலும் கறுப்புதான். இரண்டு மாதத்தில் அதே கட்டம் சிவக்கும். அறுப்பு முடிந்ததும் வெளுக்கும். ஆகஸ்டில் இருந்து பிப்ரவரி வரை பத்துப் பதினைந்து படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு சம்பா போகம் முழுவதும் கண்முன் ஓடும்.

தண்ணீரை மட்டும் பிரித்துப் பார்க்க என்டிடபிள்யூஐ என்ற அடுக்கு. பச்சை ஒளியிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுக்கும் எளிய கணக்கு. நீர் நீலமாகவும் மற்றவை பச்சையாகவும் வரும். அழகாக இருக்கும். என்னை ஒருமுறை நன்றாகக் கவிழ்த்ததும் இதுதான்.

எங்கள் ஊர்ப் பக்கத்து ஏரி ஒன்றை இந்த அடுக்கில் பார்த்தேன். மழை முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏரியின் வடக்குப் பாதியில் சொட்டு நீலம் இல்லை. யாரோ மண்ணடித்து மேடாக்கிவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, நண்பர்களுக்கெல்லாம் அனுப்பி, கொஞ்சம் கோபமாகவும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் ஏரி கலங்கல் வரை தளும்பிக்கொண்டிருந்தது. வடக்குப் பாதி முழுக்க ஆகாயத்தாமரை, பாய் விரித்ததுபோல். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மேலே இருப்பதுதான் தெரியும்; இலை இருந்தால் இலை. மதகடியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் என் போனைக் காட்டினேன். "தம்பி, அது கீழே தண்ணி கெடக்குதுன்னு இதுக்கு யாரு சொல்லுவாங்க?" என்றார். சிவப்பு வட்டம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டு எல்லாருக்கும் மறுபடி எழுதினேன்.

ஆகவே ஒரு வேலையை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். என்டிடபிள்யூஐ "நீர் இல்லை" என்றால் உடனே ஃபால்ஸ் கலருக்கு மாறுங்கள். அந்த இடம் அடர்சிவப்பாக இருந்தால் அது செடி. ஆகாயத்தாமரையாக இருக்கலாம், சீமைக்கருவேலமாகவும் இருக்கலாம். மண்ணடித்த இடம் சிவக்காது. ஆகாயத்தாமரை காற்றடித்தால் இடம் மாறும். அடுத்த ஐந்தாம் நாள் படத்தில் அந்தச் சிவப்பு வேறு பக்கம் ஒதுங்கியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. கருவேலம் நகராது.

கண்ணை ஏமாற்றும் சங்கதிகள்

மலைகளைப் பார்க்கும்போது பலருக்கும் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தெரியும். கொல்லிமலையோ ஒகேனக்கல் பக்கத்துக் காவிரிப் பள்ளத்தாக்கோ எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்றே நம் மூளை எடுத்துக்கொள்ளும். ஆனால் சென்டினல்-2 நம் ஊரைக் கடப்பது காலை பத்தரையிலிருந்து பதினொன்றுக்குள். அப்போது ஆண்டின் பெரும்பகுதி சூரியன் தென்கிழக்கில். நிழல் வடமேற்கில் விழும். வடக்கு மேலே இருக்கும் படத்தில் வெளிச்சம் கீழிருந்து வருவதாக ஆகிவிடுகிறது. படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள், மலை மலையாகிவிடும்.

மீனம்பாக்கம் பக்கம் தேடினால் சில நாள் படத்தில் விநோதமான ஒன்று சிக்கும்: நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று குட்டி விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக. ரகசிய விமானம் என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். ஒரே விமானம்தான். மூன்று நிறங்களையும் கருவி ஒரே கணத்தில் பதிவதில்லை. நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையே சுமார் ஒரு நொடி இடைவெளி. தரை நகராததால் நிறங்கள் ஒன்றுசேர்ந்து இயல்பாகிவிடுகின்றன. விமானம் அந்த ஒரு நொடியில் இருபது புள்ளி தள்ளிப் போய்விடுகிறது.

கடல் சில நாள் வெள்ளித் தகடுபோல் மின்னும். அது சூரியனின் பிரதிபலிப்பு, எண்ணெய்க் கசிவு அல்ல. கசிவும் அந்த மின்னலில்தான் தெரியும் என்பது வேறு கதை.

படத்தோடு வரும் நேரம் எல்லாம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். பகல் படத்தில் இது பெரிய சிக்கல் இல்லை. இரவுப் படத்தில் உண்டு. சுவோமி என்பிபி நம்மைக் கடப்பது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில். யுடிசியில் அது முந்தைய தேதி இரவு எட்டு மணி. ஒரு நாள் முந்தைய படம் என்று நினைத்துத் தள்ளிவிடுவீர்கள்.

ஆண்டுகளை ஒப்பிடும்போது அதே மாதத்தோடு அதே மாதத்தை ஒப்பிடுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அக்டோபர் படத்தையும் டிசம்பர் படத்தையும் வைத்தால் மழையின் பச்சையும் புயலின் சேதமும் கலந்து குழப்பும். 2018 பிப்ரவரியையும் 2019 பிப்ரவரியையும் ஃபால்ஸ் கலரில் வையுங்கள். பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்துத் தென்னந்தோப்புகளின் சிவப்பு எங்கே கலைந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். புழல் ஏரிக்கு 2018 ஜூனும் 2019 ஜூனும். சென்னைக்கு நீர் தரும் நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வறண்ட ஆண்டு அது. விளக்கம் ஏதும் தேவைப்படாது.

படம் சொல்லாத சங்கதியும் உண்டு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் உள்ள மணல் திட்டுகளை எடுத்துப் பாருங்கள். இளநீலத்தில் அவ்வளவு அழகு. சில மாத இடைவெளியில் இரண்டு படம் வைத்தால் திட்டுகளின் ஓரம் இடம் மாறியிருப்பதையும் காணலாம். அவை எப்போது தோன்றின, எப்படித் தோன்றின என்பதை மட்டும் படம் சொல்லாது. 2002-இல் இந்தத் திட்டுகளின் வயதை நாசா கண்டுபிடித்துவிட்டதாகச் செய்தி பரவியபோது, சுற்றுப்பாதையிலிருந்து எடுக்கும் படத்தை வைத்துத் தோற்றத்தையோ வயதையோ நேரடியாகச் சொல்ல முடியாது என்று நாசா தரப்பே மறுத்தது. செய்தி இன்னும் சுற்றுகிறது.

மேகம் மூடியிருந்தால்

வெள்ளம் வந்த அன்று சென்டினல்-2 உதவாது. வெள்ளத்தைக் கொண்டுவந்த மேகமே மறைத்துவிடும். அதே தளத்தில் சென்டினல்-1 இருக்கிறது. அது ரேடார்: தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவது. மேகமும் இருட்டும் அதற்குத் தடை இல்லை. கறுப்பு வெள்ளையில், துகள் துகளாக, முதலில் பிடிக்கவே பிடிக்காது. ஒரே ஒரு விதி தெரிந்தால் போதும்: அசையாத நீர்ப்பரப்பு அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால் கறுப்பாகத் தெரியும், கட்டடம் பளீரென்று வெளுக்கும். வெள்ளத்துக்கு முந்தைய படத்தில் சாம்பலாக இருந்து இப்போது கறுத்த இடம் பெரும்பாலும் நீர் சூழ்ந்த வயல். ஊருக்குள் நிற்கும் நீரை மட்டும் இது சரியாகக் காட்டாது. கட்டடச் சுவர்கள் குழப்பிவிடும்.

அன்றாட நிலவரத்துக்கு நாசாவின் வேர்ல்டுவியூ தளம். தினமும் படம் உண்டு, புகை, தூசு, காட்டுத்தீ எல்லாம் பார்க்கலாம். மோடிஸ் அடுக்கில் சில நாள் தமிழ்நாட்டின்மேல் கறுப்பாக ஒரு ஆப்பு விழுந்திருக்கும். கோளாறு இல்லை. அதன் பார்வை அகலம் 2,330 கிலோமீட்டர். பூமத்திய ரேகையை ஒட்டிய நம் பகுதியில் இரண்டு சுற்றுக்கு நடுவே அது எட்டாத இடைவெளி விழுகிறது. சுவோமி என்பிபி போன்றவற்றில் உள்ள விர்ஸ் என்ற கருவியின் அடுக்குக்கு மாறினால் அந்த ஆப்பு போய்விடும். கிராம எல்லை, தாலுகா எல்லை வேண்டுமென்றால் இஸ்ரோவின் புவன் தளம் கைகொடுக்கும்.

சேமிக்கும்போது படத்தின்மேல் தேதியும் செயற்கைக்கோள் பெயரும் வருமாறு தெரிவைப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அதில் தேதி தொலைந்துவிடும், பிறகு உங்கள் படமும் சித்தப்பா அனுப்பும் படமும் ஒன்றுதான். சென்டினல் படத்தை எங்கே போட்டாலும் "கோப்பர்நிக்கஸ் சென்டினல் தரவு" என்று ஆண்டோடு ஒரு வரி போட வேண்டும். லேண்ட்சாட்டுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை; போடுவது மரியாதை.

மனிதர் எடுத்த படங்கள்

இதுவரை பார்த்தவை எல்லாம் இயந்திரம் நேர்க்கீழாகப் பார்த்துப் பதிந்தவை. விண்வெளி வீரர் எடுப்பது வேறு. சன்னல் வழியாக, சாய்வாக, தொடுவானம் வரை. 1966 செப்டம்பரில் ஜெமினி 11 கலத்தில் போன சார்லஸ் கான்ராடும் ரிச்சர்ட் கோர்டனும் தென்னிந்தியாவையும் இலங்கையையும் ஒரே படத்துக்குள் பிடித்தார்கள்; பள்ளி வரைபடத்தில் பார்த்த அந்த வடிவம் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க ஒரு கூச்செறிப்பு. 1984 ஏப்ரலில் சல்யுத் 7-க்குப் போன ராகேஷ் சர்மாவுக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்றும் இந்தியாவைப் படம் எடுப்பதுதான். இந்திரா காந்தியிடம் அவர் சொன்ன பதில் நினைவிருக்கும் அளவுக்கு அது யாருக்கும் நினைவில்லை.

நாசாவின் ஜான்சன் மையம் இந்தப் படங்களை எல்லாம் ஒரு காப்பகமாக இணையத்தில் வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஐஎஸ்எஸ்028-இ-29679 என்று எடுத்துக்கொள்ளுங்கள். விண்வெளி நிலையத்தின் 28-ஆம் குழு; இ என்றால் டிஜிட்டல் கேமரா; கடைசியில் படத்தின் வரிசை எண். 2011 ஆகஸ்டில் எடுத்தது. இந்திய பாகிஸ்தான் எல்லையில் போட்ட விளக்குகள் ஆரஞ்சுக் கோடாக வளைந்து வளைந்து போகும் அந்தப் பேர்பெற்ற படம். எண்ணை அடித்தால் கேமரா, லென்ஸ், நேரம், அந்தக் கணத்தில் நிலையம் எந்த இடத்துக்கு நேர்மேலே இருந்தது, சூரியன் எவ்வளவு உயரத்தில் என்று எல்லாம் வரும்.

புதியவர்கள் சறுக்கும் இடம் இங்கேதான். நிலையம் நேர்மேலே இருந்த இடமும் படத்தில் உள்ள இடமும் ஒன்றல்ல. வீரர் நீண்ட லென்ஸை மாட்டி, சாய்த்துப் பிடித்து, பல நூறு கிலோமீட்டர் தள்ளி உள்ள ஊரை எடுத்திருப்பார். மதுரை என்று நினைத்துத் திறந்தால் யாழ்ப்பாணம் இருக்கும். படத்தின் மையப்புள்ளி என்று தனியாக ஒரு விவரம் உண்டு. அது நிரப்பியிருந்தால் அதை நம்புங்கள். நிரப்பாத படங்கள் ஏராளம். அவற்றில் கடற்கரை வளைவு, ஆற்று முகத்துவாரம், விமான ஓடுபாதையின் சாய்வு என்று ஏதாவது ஒன்றைப் பிடித்து, பக்கத்தில் வரைபடத்தை வைத்துத் திருப்பித் திருப்பிப் பொருத்த வேண்டியதுதான். வடக்கு எந்தப் பக்கம் என்பதே தெரியாமல் தொடங்கும் புதிர். எனக்கு இந்த வேலை குறுக்கெழுத்தைவிடப் பிடிக்கும்.

இரவுப் படங்களில் தொடுவானத்தின்மேல் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று பூமியைச் சுற்றி ஓடும். துருவ ஒளி அல்ல. அது நம் தலைக்கு மேலேயும் உண்டு. சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் விடும் மங்கலான ஒளி. வீரர் கேமராவை வெகுநேரம் திறந்து வைத்தால்தான் இப்படி விழும். அப்படி வைத்த படங்களில் நட்சத்திரமும் தெரியும். பகல் படத்தில் நட்சத்திரம் இல்லையே, அப்படியானால் பொய்தானே என்று கேட்பவருக்கு விடையும் அதுவே. வெளிச்சமான பூமிக்கு ஏற்பக் கேமராவைச் சட்டென்று மூடினால் நட்சத்திரம் பதிய நேரமில்லை.

தாய்லாந்து வளைகுடாப் பக்கம் இரவில் எடுத்ததைத் தேடிப் பாருங்கள். கரையில் பாங்காக் மஞ்சளும் வெள்ளையுமாக எரியும். கடலுக்குள் ஊரே இல்லாத இடத்தில் பளிச்சென்று பச்சைப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாக. கணவாயை ஈர்க்கப் பச்சை விளக்கு போட்டிருக்கும் மீன்பிடிப் படகுகள். நான் முதன்முதலில் அதைக் கண்ட இரவு, வாயைப் பிளந்துகொண்டு பார்த்துவிட்டு, எண்ணைக் குறிக்காமல் கணினியை மூடிவிட்டேன். மறுபடி அந்தப் படத்தைக் கண்டுபிடிக்க மூன்று இரவு ஆனது. பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.